தண்டுவடக் காயம்: நம் பணத்தையும் நம்பிக்கையையும் எங்கே வைப்பது?



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் நிர்வாகக் குழுவைப் பெரிதும் திணற வைக்கும் வகை ஒன்று உண்டு. பைக் விபத்தில் சிக்கியோ, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தோ, ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாகக் குதித்தோ தண்டுவடம் அடிபட்ட பிள்ளைக்கு ‘ஸ்டெம் செல் ஊசி’ போட வேண்டும், பல லட்சம் தேவை என்று கேட்டு வரும் மனு அது. உம்மாவின் நகை விற்றாகிவிட்டது, வீட்டுப் பத்திரம் அடகில் இருக்கிறது, மீதிக்கு நம்மிடம் வருகிறார்கள். மருத்துவம் செய்துகொள்வது நபிவழி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எது மருத்துவம், எது இன்னும் சோதனையில் இருப்பது என்று பிரித்தறிவதும் நம் பொறுப்புதான். அதற்காகவே இந்தக் கட்டுரை.

காயத்தில் நடப்பது என்ன?

தண்டுவடம் என்பது முள்ளெலும்புகளுக்குள் ஓடும் நரம்புக் கற்றை. பெரியவர்களுக்குச் சுமார் 45 செ.மீ. நீளம், சுண்டுவிரல் பருமன். மூளையின் கட்டளை கீழே போவதும், உடலின் உணர்வு மேலே வருவதும் இதன் வழியாகத்தான். கழுத்தில் அடிபட்டால் கை, கால் இரண்டும் பாதிக்கப்படும். முதுகில் அடிபட்டால் கால்கள். கையில் அறுந்த நரம்பு ஓரளவு மீண்டும் வளரும். தண்டுவட நரம்பு அப்படி வளர்வதில்லை. மருத்துவ உலகம் போராடிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான்.

கால் அசையாதது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதவை இரண்டு: சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்காது, தோலுக்கு வலி தெரியாது. கவனிக்காவிட்டால் உயிரையே எடுக்கக்கூடியவை இந்த இரண்டும்.

ஆய்வு காப்பாற்றிய உயிர்கள்

முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரமே இறந்து போனார்கள். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் இதை மாற்றினார். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார். உடற்பயிற்சியும் விளையாட்டும் கொடுத்தார். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1972-ல் அமெரிக்காவில் டாக்டர் ஜாக் லாபிடஸ் குழுவினர், நிரந்தரமாகக் குழாய் மாட்டிவைப்பதற்குப் பதிலாக, சுத்தமான குழாயை நாளுக்குப் பலமுறை செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை வெளியிட்டார்கள். எத்தனையோ பேரின் சிறுநீரகத்தை அது காப்பாற்றியிருக்கிறது.

இவற்றில் அதிசய ஊசி எதுவும் இல்லை. ஆனாலும் தண்டுவடக் காயத்தோடு பல பத்தாண்டுகள் வாழ முடியும் என்று ஆக்கியவை இவைதான்.

வேலூரும் ஆய்க்குடியும்

நம் தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். டாக்டர் பால் பிராண்ட் ஊக்கம் தர, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை வேலூரில் வளர்த்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கடைசிவரை அவர் நடக்கவில்லை. அவரால் வாழ்க்கைக்குத் திரும்பியவர்கள் ஏராளம்.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இன்றும் அங்கே மறுவாழ்வுப் பயிற்சி நடக்கிறது.

‘ஒருவர் நடந்தாராமே!’

மனு கொண்டுவரும் குடும்பத்தார் தவறாமல் சொல்வது: “அந்த ஊசி போட்டு ஒருத்தர் நடந்துட்டாராம்.” அவர்கள் பொய் சொல்லவில்லை. தண்டுவடம் முழுவதுமாகச் சிதையாதவர்களுக்கு முதல் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும்கூட, இயல்பாகவே ஓரளவு அசைவும் உணர்வும் திரும்பும். அந்த நேரத்தில் எந்த ஊசி போட்டாலும் பெயர் ஊசிக்குப் போய்விடும். இதனால்தான் ஆய்வாளர்கள் ஒரே மாதிரிக் காயமுள்ளவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புதிய சிகிச்சையும் மற்றதற்கு வழக்கமான சிகிச்சையும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள்.

ஒப்பிட்ட பிறகும் கவனம் தேவை. மெத்தில்பிரெட்னிசலோன் என்ற மருந்தை, அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் அதிக அளவில் கொடுத்தால் பலன் உண்டு என்று 1990-ல் ஓர் ஆய்வு வெளியானது. உலகமெங்கும் கொடுத்தார்கள். பின்னர் அந்தக் கணக்கை அறிஞர்கள் திரும்பப் பார்த்தபோது பலன் உறுதியாக இல்லை. தொற்றும் குடலில் இரத்தக் கசிவும் ஏற்படும் ஆபத்து தெரிந்தது. 2013-ல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டி அதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. பெரிய மருத்துவர்கள் நம்பிய மருந்துக்கே இந்த நிலை.

நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமல் இல்லை. 2018-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள், தண்டுவடத்தின் மேல் மின்முனைகள் பொருத்திக் கடும் பயிற்சியும் கொடுத்து, பல ஆண்டுகளாக முடங்கியிருந்த மூவரைச் சில அடிகள் எடுத்து வைக்கச் செய்தார்கள். ஆனால் இது பணம் கட்டி நாளைக்கே வாங்கிக்கொள்ளும் சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை.

ஸ்டெம் செல்: விதி சொல்வது என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில், சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை. தண்டுவடக் காயத்துக்கு அதைப் பயன்படுத்துவது ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும். ஆய்வு என்றால், சோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. எனவே, ‘ஆய்வு’ என்றும் சொல்லி லட்சங்களும் கேட்டால், அங்கேயே நாம் நின்று யோசிக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன? 2009 ஜூன் முதல் இந்தப் பதிவு கட்டாயம். (பதிவு இருந்தாலே பலன் உறுதி என்று பொருளல்ல.)
2. எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது?
3. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா? வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கலாமா?
4. பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள்?
5. எப்போது வேண்டுமானாலும் விலகலாமா?

இவற்றுக்கு நேர்மையான பதில் கிடைத்தால், ஆய்வில் சேர்வது நல்ல காரியமே. நாளை வரும் நோயாளிக்கு அது உதவும்.

உடனே செய்ய வேண்டியவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்தைப் பார்த்தால், அடிபட்டவரைக் கை கால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் உண்டு.

மருத்துவமனையில் இருக்கும்போதே மறுவாழ்வுப் பயிற்சி தொடங்கிவிட வேண்டும். சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள், உட்கார்ந்தவரை எழுந்து நிற்க வைக்கும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலியை 2019-ல் கொண்டுவந்தார்கள். சாலையில் ஓட்டிச் செல்லும் ‘நியோபோல்ட்’ 2021-ல் வந்தது. வேலைக்குப் போகவும் பள்ளிவாசலுக்கு வரவும் உதவும் ஆய்வுகள் இவை.

நிர்வாகக் குழுவின் முடிவு

பதிவில்லாத, பணம் வாங்கிக்கொண்டு போடும் ஸ்டெம் செல் ஊசிக்கு நம் நிதியிலிருந்து உதவுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பிள்ளை எழுந்து நடக்க வேண்டும் என்று துஆச் செய்யும் தாயிடம் இதைச் சொல்வது எளிதல்ல. ஆனால் அதே தொகையில் காற்று மெத்தை, சிறுநீர்க் குழாய்கள், பிசியோதெரபிக்குப் போய்வர வண்டிச் செலவு, அளவெடுத்த சக்கர நாற்காலி, வீட்டு வாசலில் சாய்தளம், ஒரு தொழிலுக்கான முதலீடு ஆகிய அனைத்தையும் கொடுக்க முடியும். இவற்றுக்குத் தயங்காமல் மனுச் செய்யுங்கள். அட்டை, உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பவும் உடன் வருவோம், இன்ஷா அல்லாஹ்.

தண்டுவடத்தை இணைக்கும் சிகிச்சை ஒருநாள் வரலாம். அது வரும் நாளில் நம் பிள்ளை புண்ணில்லாத உடலோடும், கெடாத சிறுநீரகத்தோடும், கடனில்லாத வீட்டில் இருக்க வேண்டும். அதற்கான உழைப்பை இன்றே தொடங்குவோம்.