நோயாளியைச் சுமக்கும் வண்டிக்கு எந்த ஸ்பிரிங்?

ஆம்புலன்ஸ் வாங்கத் தீர்மானிக்கும் மருத்துவமனை நிர்வாகிகளும் தர்மஸ்தாபனத்தாரும், இன்ஜினின் சக்தி, ஆக்ஸிஜன் சிலிண்டர்களின் எண்ணிக்கை, வெண்டிலேட்டரின் தரம் ஆகியவற்றை நுணுக்கமாக விசாரித்துவிட்டு, அந்த உபகரணங்களையும் நோயாளியையும் ஒருங்கே தாங்கிச் செல்லும் சஸ்பென்ஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளாமல் பணத்தைக் கட்டிவிடுவதைக் காண்கிறோம். முதுகெலும்பு முறிந்தவருக்கும், தலையில் அடிபட்டவருக்கும், குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடக்கும் சிசுவுக்கும் வழியிலே நேரும் ஒவ்வொரு குலுக்கலும் மறுபடியும் விழும் ஓர் அடியே. ஓடும் வண்டியில் கை நரம்பைத் தேடி ஊசி ஏற்ற முயலும் நர்ஸ், வேகத்தடையைக் கண்ட டிரைவர் குரல் கொடுத்ததும் ஊசியை விலக்கிக்கொண்டு, வண்டி ஆடி அடங்கும் வரையில் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, இது சிகிச்சையைச் சேர்ந்த விஷயம் என்பது சொல்லாமலே விளங்கும்.

வேன்களின் பின் அச்சில் நெடுங்காலமாக இடம்பெற்று வருவது, எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங். விலை குறைவு, முறிந்த பட்டையைச் சிற்றூர்ப் பட்டறையிலும் மாற்றிவிடலாம், அதன் உழைப்பில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் பாரம் சுமப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு உண்டான சாதனம் அது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால், சிறு அதிர்வுகளுக்கு வளைந்து கொடுக்காமல் அவற்றை அப்படியே மேலே அனுப்பிவிடுகிறது. ஒரு வண்டி தன் ஸ்பிரிங்கின்மீது நொடிக்கு ஒரு முறை என்ற நிதானத்தில் அசைய வேண்டுமானால், அந்த ஸ்பிரிங் தான் தாங்கும் பாரத்தினால் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும் என்பது பௌதிக சாஸ்திரக் கணக்கு. 6 சென்டிமீட்டரே அமுங்கியிருந்தால் அசைவு நொடிக்கு இரண்டு முறையாகிவிடும். 25 சென்டிமீட்டர் அமுங்கும் அளவுக்கு மென்மையான எஃகை வைத்தால் ஆட்கள் ஏற ஏற வண்டி தாழ்ந்து போகுமாதலால், முழுப் பாரத்தையும் உத்தேசித்து ஸ்பிரிங்கை இறுக்கமாகவே அமைக்கிறார்கள். பிறகு அந்த வண்டி குறைந்த பாரத்தோடு ஓடும்போது, உட்கார்ந்திருக்கும் மனித உடலை மிகவும் வருத்துகிற, நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுகளைத் தடுக்கும் திறன் அதற்கு வெகுவாகக் குறைந்துபோகிறது. பட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நடுவிலும் நுனியிலும் மட்டுமே அவை தொடும்படி செய்த பாராபோலிக் ஸ்பிரிங்கில் உராய்வு குறைவாதலால், செலவை அதிகம் கூட்டாமலே ஓரளவு நிவாரணம் கிடைக்கிறது.

ஏர் சஸ்பென்ஷனில் எஃகின் ஸ்தானத்தை ரப்பர் பையில் அடைத்த காற்று ஏற்றுக்கொள்கிறது. பாரம் கூடியதும் லெவலிங் வால்வு திறந்து, கம்ப்ரஸர் சேமித்து வைத்த காற்றைப் பைக்குள் செலுத்துகிறது. குறைந்ததும் மிகுதியை வெளியேற்றுகிறது. ஆகவே ஒருவர் ஏறினாலும் ஐவர் ஏறினாலும் வண்டியின் உயரமும் மாறுவதில்லை, அசைவின் வேகமும் ஏறக்குறைய மாறுவதில்லை. மேற்சொன்ன இரும்புச் சங்கடம் இங்கே தீர்ந்துவிடுகிறது என்பதே இம்முறையின் தலையாய அனுகூலம். நின்ற இடத்தில் பின்பக்கக் காற்றை இறக்கிவிட்டால் தளம் தாழ்ந்து, கனத்த சரீரமுடைய நோயாளியோடு ஸ்ட்ரெச்சரைத் தூக்கும் இருவரின் முதுகும் தப்புகிறது. இதையும் சிறிய லாபமாக நான் கருதவில்லை. பிரான்ஸில் 1955இல் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ் கார், எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் இதற்கு உறவான ஓர் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது; அதன் நீண்ட உடல் கொண்ட வகைகளை அந்நாட்டார் பல வருஷங்கள் ஆம்புலன்ஸாக விரும்பி ஓட்டினார்கள்.

இங்கே வாங்குவோர் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. பழைய பட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றோடு ஒரு துணைக் காற்றுப் பையைப் பொருத்தி, அதையும் ஏர் சஸ்பென்ஷன் என்று சொல்லி விற்பதுண்டு. பின்பக்கம் தொங்குவதை அது தடுக்கும். பாரத்தைப் பட்டைகளே தாங்குவதால் அவற்றின் விறைப்பு நீங்காது. மென்மையை வேண்டுவோர் முழு ஏற்பாட்டையே கேட்க வேண்டும்.

பராமரிப்பு என்ற பிரதிகூலத்தை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. சேறும் கூரிய கல்லும் ரப்பருக்குப் பகை. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் காலத்தில் மாற்றாவிட்டால் வால்வுகள் கெடும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, குமிழி எழும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்நாட்டின் தொலைதூர ஆம்னி பஸ்களில் இம்முறை சாதாரணமாகிவிட்டதால், பெரிய நகரங்களில் இவ்வேலை தெரிந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. மலைப்பாதையிலும் மண்சாலையிலும், பட்டறையிலிருந்து வெகுதூரத்தில் ஓடும் வண்டிக்குப் பாராபோலிக் ஸ்பிரிங்கோடு நல்ல ஷாக் அப்சார்பரும், அதிர்வைத் தாங்கும் ஸ்ட்ரெச்சர் மேடையுமே உசிதம்.

இதுவும் அவசர ஊர்தியே ஆயினும், தீயணைப்பு வண்டியின் நிலை வேறு. லிட்டருக்கு ஒரு கிலோவாகத் தொட்டி நிறைய நீரைச் சுமந்தபடியே அது எப்போதும் புறப்படக் காத்திருப்பதால், மாறும் பாரம் என்ற பிரச்சினை புறப்படும் வேளையில் அதற்கு அநேகமாக இல்லை. வளைவில் நீர் ஒருபுறம் சரியாதபடி தொட்டிக்குள் தடுப்புகள் அமைப்பதிலும், பிரேக்கிலும் ஏர் சஸ்பென்ஷனுக்கு ஆகும் பணத்தைச் செலவிடுவதே மேல்.

ஆம்புலன்ஸுக்குத் திரும்பினால், இந்திய வாகனத் தரவிதியான ஏஐஎஸ் 125 அவற்றை ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் உயர்நிலை உயிர்காப்புச் சிகிச்சைக்குரிய டி வகைக்கும், பச்சிளங் குழந்தைகளை மாவட்ட மருத்துவமனையிலிருந்து நெடுஞ்சாலை வழியே பெருநகருக்குக் கொண்டுசெல்லும் வண்டிக்கும், செலவைப் பாராமல் முழு ஏர் சஸ்பென்ஷனையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். எந்த வகையை வாங்க நினைத்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் நிர்வாகிகளில் ஒருவர் அந்த ஸ்ட்ரெச்சரில் பட்டை கட்டிப் படுத்துக்கொண்டு, வேகத்தடைகள் நிறைந்த சாலையில் பத்துக் கிலோமீட்டர் தூரமாவது போய்வரும்படி வேண்டிக்கொள்கிறேன்.