தறியில் உட்காரும் முன்

போதகர் பதில்கள்: இந்த இதழில் ஓரிக்கை வாசகர்களின் மூன்று கேள்விகள்

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நானும் என் கணவரும் பட்டு நெய்கிறோம். வீட்டில் பாதி இடம் தறிக்கே போய்விடுகிறது. விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தறிக்குப் போனால் இருட்டும் வரை வேலை. ராத்திரி வேதாகமத்தைத் திறந்தால் இரண்டு வசனத்துக்குள் கண் சொக்கிவிடுகிறது. ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் இனி தினமும் ஜெபிப்பேன் என்று பொருத்தனை பண்ணுகிறேன். பொங்கலுக்குள் அது நின்றுபோகிறது. தினம் ஒரு மணி நேரம் ஜெபிக்காதவர் கிறிஸ்தவரே இல்லை என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து ஜெபிக்கவே பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா என்பது கெத்செமனே தோட்டத்தில் தூங்கிப்போன சீடர்களிடம், பிடிபடப்போகிற இரவில் இயேசு கேட்ட கேள்வி. தினசரிச் சட்டமாக அவர் அதைப் போடவில்லை. அதே மூச்சில் மாம்சம் பலவீனமானது என்றும் ஒத்துக்கொண்டார். அவர் சொல்லிக் கொடுத்த ஜெபமோ, எவ்வளவு நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. நீண்ட ஜெபம் செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பயமுறுத்தி வளர்த்த ஜெபம் எந்த வீட்டிலும் நிலைத்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வசனத்துக்குள் தூங்கிவிடுகிறேன் என்கிறீர்கள். நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்த உடம்பு தூங்காமல் என்ன செய்யும்? உங்கள் பக்தியில் குறை இல்லை, நேரம்தான் தப்பு. எல்லா வேலையும் முடிந்து மிச்சம் கிடைக்கும்போது ஜெபிக்கலாம் என்று வைத்திருக்கிறீர்கள். கைத்தறிக் குடும்பத்தில் மிச்சம் என்று ஒன்று என்றைக்குக் கிடைத்தது?

மார்ட்டின் லூத்தரிடம் பேதுரு என்ற முடிதிருத்துபவர் உங்களைப் போலவே கேட்டார்: தொழில் செய்கிறவன் எப்படி ஜெபிப்பது? அவருக்காகவே லூத்தர் 1535-இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். ஜெபத்தை நாளின் முதல் வேலையாகவும் கடைசி வேலையாகவும் வை. இதோ இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று மனது சொன்னால் நம்பாதே என்பது அதில் முதல் புத்தி. இரண்டாவதை அந்தத் தொழிலிலிருந்தே எடுத்தார். கத்தி பிடித்தவன் அரட்டை அடித்தால் வாடிக்கையாளரின் மூக்கு போய்விடும். ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்றார். (அதே பேதுரு அந்த வருடமே குடிபோதையில் மருமகனைக் குத்திக் கொன்று ஊரை விட்டுப் போனார். நல்ல புத்தகம் கையில் இருந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவதில்லை.)

அதனால் கடிகாரத்தை விடுங்கள். தறியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தறிக்குழியில் கால் வைக்கும் முன், நின்றபடியே கர்த்தருடைய ஜெபம். அதன் பின் அன்றைக்கு மனதில் இருக்கிற மூன்று பேரின் பெயர். ஒரு சங்கீதம் அல்லது அதன் பாதி. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கோர்வைச் சேலைக்குக் கணவரும் பக்கத்தில் உட்காருகிறார் என்றால் இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள். மதியம் சாப்பிட எழும்போது மறுபடி கர்த்தருடைய ஜெபம் மட்டும். படுக்கப்போகும் முன் இன்னொரு முறை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. தானியேல் பாபிலோனில் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார். திருச்சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்றான திதாகே, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. உங்கள் தெருவில் கோலம் போட்டு விளக்கேற்றுகிறவர்களுக்கு மட்டும்தான் வேளை தவறாத வழக்கம் உண்டு என்று நினைக்காதீர்கள். நமக்கும் இருந்தது, நாம்தான் கைவிட்டோம்.

மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறித் தறி நிற்கும். பாவு முடிந்து அடுத்த பாவு வரும்வரை சும்மா இருக்க வேண்டியிருக்கும். அந்த நாட்களில் பிடித்துக்கொள்ளத் தறி இல்லாததால் ஜெபமும் நழுவும். அப்போது காலை அடுப்பு பற்றவைப்பதோடு அதைச் சேர்த்துவிடுங்கள். வேலை இல்லாத நாளில் மனது கடனையும் கூலியையும் சுற்றிச் சுற்றி வரும். அதையே ஜெபமாகச் சொல்லலாம். சங்கீதங்களில் பல புலம்பல்கள்தான்.

நெய்யும்போதே ஜெபிக்கலாமா என்றும் கேட்பீர்கள். சேலையின் வெற்று உடல் ஓடும்போது கையும் காலும் தானாகப் போகும். அப்போது தாராளமாக ஜெபியுங்கள். முந்தி வரும்போது வேண்டாம். ஜரிகையில் கண் வையுங்கள். அந்த நேரத்தில் கர்த்தர் உங்களிடம் எதிர்பார்ப்பது நல்ல முந்தியைத்தான்.

தனி அறை இல்லை என்ற ஏக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர். சமையல் மேலங்கியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டால் அம்மா ஜெபிக்கிறாள், கூப்பிடக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்பார்கள். ஜெபத்துக்கு முந்தானையைத் தலையில் போடுவது நமக்குப் பழக்கம்தானே. முந்தானை தலையில் இருக்கும் ஐந்து நிமிடம் யாரும் அம்மாவைக் கூப்பிடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். ஒரு வாரம் அடம் பிடிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

மனதில் ஒன்றும் தோன்றாமல் வெறுமையாக இருக்கும் நாட்களும் வரும். ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் கெர்ஹார்ட் டெர்ஸ்டேகன் என்றொருவர் இருந்தார். 1697-இல் பிறந்தவர், பட்டு ரிப்பன் நெய்து பிழைத்தவர், உங்கள் தொழில்காரர். அவர் எழுதிய ஞானப்பாட்டுகள் இன்றும் உலகமெங்கும் பாடப்படுகின்றன. அப்படிப்பட்டவருக்கே சுமார் ஐந்து வருடம் தேவன் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றவில்லை. ஆனாலும் தறியையும் விடவில்லை, ஜெபத்தையும் விடவில்லை. ஒன்று மட்டும்: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வந்தால் அதை ஆவிக்குரிய வறட்சி என்று மூடி வைக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். தவறிய நாள் போனது போனதுதான். அடுத்த வேளை தொடருங்கள். வரும் புத்தாண்டில் பொருத்தனையும் பண்ண வேண்டாம்.

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் புத்தகத்தைப் பார்த்து ஜெபிக்கிறோம். வேறு சபைக்குப் போகும் என் தங்கை, எழுதி வைத்ததை வாசிப்பது ஜெபமே இல்லை என்கிறாள். உண்மையா?

பதில்: இல்லை. சிலுவையில் இயேசுவின் வாயிலிருந்து வந்தவற்றிலேயே சில, சங்கீதப் புத்தகத்தின் வார்த்தைகள்தான். 22-ஆம் சங்கீதத்தையும் 31-ஆம் சங்கீதத்தையும் எடுத்துப் பாருங்கள். லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் எழுதியே வைத்தார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, தமிழ் கற்றதும் அந்த நூலைத் தமிழாக்கினார். சொந்த வார்த்தை வராத களைப்பில் எழுதிய ஜெபம் கைகொடுக்கும். மனம் ஓடாமல் உதடு மட்டும் ஓடினால் தவறுதான். அந்தத் தவறு மனப்பாட ஜெபத்திலும் நடக்கும், உரத்த ஜெபத்திலும் நடக்கும். தங்கையோடு சண்டை வேண்டாம். ஒருநாள் இருவரும் சேர்ந்து ஒரு சங்கீதத்தை வாசித்து ஜெபியுங்கள்.

கேள்வி: அப்பா தறிக்காரர். நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வாராவாரம் ஷிப்ட் மாறுவதால் ஜெபத்துக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் இயர்போன் போட்டு யூடியூப்பில் ஜெபம் கேட்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது தம்பி. கேட்பது நல்லது, ஆனால் அங்கே ஜெபிக்கிறவர் வேறொருவர். ஷிப்ட் வேலைக்காரருக்குக் காலை, மாலை என்று வகுத்தால் ஒத்துவராது. அதனால் உங்கள் நாளை, நீங்கள் எழுந்திருக்கும் நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கி எழுந்தால், அதுதான் உங்களுக்கு விடியல். பஸ்ஸில் ஏறினால் யாரும் உங்களைத் தொந்தரவு செய்யப்போவதில்லை. உங்கள் அம்மாவுக்குக்கூட இப்படி ஓர் இடம் கிடைக்காது. வாலாஜாபாத் வரும்வரை போனைப் பையில் வைத்துவிட்டு நீங்களே ஜெபியுங்கள். அங்கிருந்து ஒரகடம் வரை யூடியூப் கேளுங்கள்.