உதகைக்கு முந்திய வீடு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி மலைப்பாதையில் ஏறும் சுற்றுலாப் பயணியருள் பெரும்பாலோர் அரவேணுவைக் கடந்து உதகைக்கே விரைகின்றனர். அவ்வுதகை கோடைவாழிடமான வரலாற்றின் முதற்பக்கமோ கோத்தகிரியை அடுத்த கண்ணேரிமுக்கில் இருக்கிறது. கோவை மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு இம்மலைக்கு வந்து அமைத்த மாளிகை அங்குள்ளது. உதகையின் கல்வீடு அதற்குப் பின்னர், 1822இல் தொடங்கப்பெற்றது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த மாளிகை செப்பனிடப்பட்டு, இன்று நீலகிரியின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

சல்லிவன் நீலகிரியைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவோர் உளர். தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படுகரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையைப் புதிதாகக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? அவர் செய்தது, சமவெளியினர்க்கு அதன் வழியைத் திறந்தது.

பெயரும் இவ்வாறே மாறியது. அரவேணுவுக்கு அருகில் ஏறத்தாழ 250 அடி உயரத்திலிருந்து வீழும் அருவியைப் படுகர் ‘கெத்தெஹாட ஹள்ளா’ என்பர். கோத்தகிரிப் பகுதியில் காப்பிப் பயிரைப் புகுத்தியவராகக் கூறப்படும் காக்பர்னின் மனைவி பெயரால் அது ‘கேத்தரின் அருவி’ ஆயிற்று. வழிகாட்டிப் பலகைகளிலும் அப்பெயரே நிலைத்துவிட்டது. அருவியின் தலைப்பகுதிவரை செல்லலாம். ஆயினும் அதன் முழுத் தோற்றத்தைக் காணக் குன்னூர்ப் பக்கமுள்ள டால்பின் நோஸ் காட்சிமுனைக்கே செல்லவேண்டும்.