கற்பிக்கும் வீடும் கேட்கும் வீடும்: சங்கரன்கோவில் வட்டாரத் தொடக்கநிலைக் குழந்தைகளின் மொழிக்கல்வியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொடக்கநிலைக் குழந்தையின் கல்விக்கு வீடு துணைநிற்க வேண்டும் என்னும் கருத்து, பெரும்பாலும் எழுத்தறிந்த பெற்றோரை மனத்திற்கொண்டே சொல்லப்படுகிறது. தறித்தொழிலையும் பீடித்தொழிலையும் சார்ந்த குடும்பங்களைக் கொண்ட சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. நன்னூலின் கோடல் மரபு, திண்ணைப்பள்ளி நடைமுறை, பேச்சுவழக்கின் ஒலியியல்பு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கற்பிக்க இயலாத வீட்டால் கேட்க இயலும் என்பதும், அக்கேட்பு கற்பித்தலுக்கு மாற்றாக வந்த குறைநிலை உதவியன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: தொடக்கக்கல்வி, வீட்டுத்துணை, இரட்டை வழக்கு, கோடல் மரபு, திண்ணைப்பள்ளி, நெல்லை வழக்கு

முன்னுரை

சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசு விழாவாலும் அறியப்படும் சங்கரன்கோவில், 2019இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் உள்ளது. விசைத்தறி நகரின் முதன்மைத் தொழில்களுள் ஒன்று. மாவட்டத்தின் பல ஊர்களில் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். பாவு, ஊடை, தார், நாடா என்னும் சொற்களை முதல் வகுப்பில் சேருமுன்பே அறிந்த குழந்தைகள் இங்குண்டு.

இக்குழந்தைகளின் பெற்றோரிடம் பள்ளி வேண்டுவது பெரும்பாலும் ஒன்றே: வீட்டில் சொல்லிக்கொடுங்கள் என்பது. சொல்லிக்கொடுக்க எழுத்தறிவு வேண்டும், நேரம் வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி பெறுவோர்க்கு ஒரு மணி நேரம் என்பது அவ்வளவு கூலி. எழுத்தும் நேரமும் இல்லாத வீடு கல்விக்கு உதவாத வீடு என்னும் தீர்ப்பு அவ்வேண்டுகோளுக்குள் மறைந்துள்ளது. இயன்றவர் தனிப்பயிற்சிக்கு அனுப்புகின்றனர். இயலாதவர் தமக்கு இதில் பங்கில்லை என ஒதுங்குகின்றனர். வீட்டின் பங்கு கற்பித்தல்தானா என்னும் வினாவை அதற்கு முன்பே எழுப்பியிருக்க வேண்டும்.

நன்னூல் காட்டும் பங்கீடு

பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியர், பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கர், பாடங்கேட்கும் முறை ஆகிய ஐந்தனைப் பேசுகிறது. இவற்றுள் இறுதியாகிய கோடல் மரபில் கற்றலைக் கூறுபடுத்தும் கணக்கு ஒன்றுண்டு. ஆசிரியர் உரைத்ததை நன்கு உளங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறு மட்டுமே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு சேரும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைத் தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வாய்ப்பது.

இதற்கு ஒரு தடை எழலாம். நன்னூலார் கருதிய மாணாக்கன் இலக்கணம் பயில்பவன். அகரம் எழுதத் தொடங்கும் ஆறு வயதுக் குழந்தையல்லன். தடை ஏற்கத்தக்கதே. ஆயினும் அக்கணக்கின் உட்கிடை புலமையின் அளவு பற்றியதன்று; கேட்டது பிறர்முன் சொல்லாகி வெளிவரும்போதே தன்னுடையதாகிறது என்பது பற்றியது. இளங்குழந்தைக்கும் இது பொருந்தும் என்பதற்குத் திண்ணைப்பள்ளி வரலாறு சான்று தருகிறது.

திண்ணைப்பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ்சொல்லுவான். இளையோர் மணலில் விரலால் எழுதிப் பழகுவர். இம்மணலெழுத்தைக் கண்ட ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் தம் பொறுப்பிலிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு அரிச்சுவடி கற்பிக்கச் செய்தார். 1797இல் லண்டனில் வெளியான அவர் நூலின் வழி இது ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்று இங்கிலாந்தில் பரவியது. கற்பிப்போனுக்கே கல்வி மிகுகிறது என்பதை அவ்வில்லத்துச் சிறுவர்கள் நன்னூலை அறியாமலே மெய்ப்பித்தனர்.

வீட்டுக்கல்வி பற்றிய பழைய எண்கள் வேறொரு செய்தியைத் தருகின்றன. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பின் பயனை அவருடைய 1826ஆம் ஆண்டுக் குறிப்பு தொகுக்கிறது. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருந்தனர். சென்னை நகரில் மட்டும் பள்ளியில் பயின்றோர் ஏறத்தாழ 5,500 பேர். வீட்டில் பயின்றோரோ 26,000க்கும் மேற்பட்டோர் என அறிவிக்கப்பட்டது. பின்னைய எண்ணை மன்றோவே ஐயுற்றார். எண் மிகையாயினும் வீட்டுக்கல்வி என ஒரு வகை தனியே எண்ணப்பட்டது என்பது தெளிவு. அது உறவினரோ அமர்த்தப்பெற்ற ஆசிரியரோ கற்பித்த வீடுகளின் கல்வி. இன்று ‘வீட்டுத்துணை’ எனப்படுவது அவ்வகை வீட்டின் நிழல். சட்டாம்பிள்ளை மரபு வீட்டுக்கு வந்துசேரவில்லை.

இன்றைய திட்டங்கள்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், உடன்பயில்வோரின் காற்கூற்றை வகுப்பறைக்குள் மீட்டது எனலாம். 2022 சூன் மாதம் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்துகிறது. நிலைக்கேற்ற பாடம் நல்லதே. ஆனால் அரும்புகள் அனைவரும் ஓரிடத்தில் அமர்ந்தால், அவர்களுக்குச் சொல்லித்தரக்கூடிய மலர் வேறிடத்தில் அமர்ந்திருக்கும். இக்குறையை நீக்குவது ஆசிரியரின் கையில் உள்ளது.

பெருந்தொற்றால் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணம் அருகே இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. மாலையில் தெருவுக்கு அருகிலேயே நிகழும் இவ்வகுப்புகளின் தன்னார்வலர் அவ்வப்பகுதியினர். குழந்தையின் பேச்சை அறிந்தவர். இத்திட்டத்தின் இப்பயன் போதிய அளவு பேசப்படவில்லை.

வகுப்பறைத் தமிழும் வீட்டுத்தமிழும்

எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் தனித்தனிப் பணிகளோடு ஒரே சமூகத்தில் நிலவும் நிலையைச் சார்லஸ் ஃபெர்கூசன் 1959இல் இரட்டை வழக்கு என விளக்கினார். தமிழ்க் குழந்தை வீட்டில் பெறும் மொழி ஒன்று. படிக்க வேண்டிய மொழி மற்றொன்று. இவ்வேறுபாடு செய்யுளையோ உரைநடையையோ எட்டும்போது தொடங்குவதன்று. முதல் வகுப்பின் முதல் நாட்களில், படம் பார்த்து எழுத்தறியும்போதே தொடங்குகிறது.

எழுத்தறிமுக அட்டைகளில் இகரத்துக்கு இலைப் படம் வழக்கமாக இடம்பெறும். படத்தைக் கண்ட குழந்தை தன் வழக்கில் ‘எலை’ என்றோ ‘எல’ என்றோ சொல்லும். அச்சொல்லின் முதலொலி எகரம், கற்பிக்கப்படுவதோ இகரம். உகரத்துக்கு உரல் காட்டினால் குழந்தை ‘ஒரல்’ என்கிறது, முதலொலி ஒகரமாகிவிடுகிறது. இத்திரிபுக்கு ஒழுங்குண்டு. சொல்லின் முதலில் நிற்கும் இகர உகரங்களை அடுத்து ஒற்றை மெய்யும், அம்மெய்மேல் அகரமோ ஐகாரமோ வருமிடத்துப் பேச்சில் அவை எகர ஒகரமாகின்றன: இடம் – எடம், உடம்பு – ஒடம்பு, உலகம் – ஒலகம். மெய் இரட்டித்தோ மயங்கியோ நிற்குமிடத்துத் திரிவதில்லை: இட்டிலி, இஞ்சி, உப்பு, உண்டியல். தமிழகம் முழுதும் பரவலாகக் காணப்படும் இவ்வியல்பை அட்டை அமைப்போர் கருத்திற்கொண்டால், இலையிருக்கும் இடத்தில் இட்டிலியை வைக்கலாம். வீட்டில் ஆச்சி சொல்லும் சொல்லும் வகுப்பில் ஆசிரியர் சொல்லும் சொல்லும் அப்போது ஒரே எழுத்தில் தொடங்கும்.

தென்மாவட்டங்களில் ழகரம் பேச்சில் பரவலாக ளகரமாக ஒலிக்கும். ‘வாளப்பளம்’ என எழுதும் குழந்தை கவனமின்றி எழுதவில்லை. தன் காதுக்கு உண்மையாக எழுதுகிறது. ‘படித்தான்’ என்பதைப் ‘படிச்சான்’ என எழுதுவதும், சொல்லிறுதி மகரத்தை விட்டுவிடுவதும் இத்தகையன. பேச்சில் அம்மகரம் மூக்கொலியாகத் தேய்ந்து நிற்கிறது. ‘அவிய வந்தாவ’ என்னும் நெல்லை வழக்குக்கு ஈடாக ‘அவர்கள் வந்தார்கள்’ என்பதைக் குழந்தை ஏறத்தாழப் புதிய தொடராகவே கற்கிறது. எழுத்தை அறியாமல் நேரும் பிழையையும் ஒலியை அறிந்து நேரும் பிழையையும் ஒரே சிவப்பு மையால் சுழிப்பது கற்பித்தல் ஆகாது. முன்னதற்குப் பயிற்சி வேண்டும். பின்னதற்கு இரு வடிவங்களையும் அருகருகே எழுதிக் காட்டினால் போதும். தொல்காப்பியப் பாயிரம் செய்யுளுக்கு இணையாக வழக்கையும் நூலுக்கு அடிப்படையாகக் கூறுகிறது. சொல்லதிகாரம் திசைச்சொல்லுக்கு இடமளிக்கிறது. இம்மரபைப் போற்றும் துறையினர் முதல் வகுப்பின் திசைச்சொல்லைக் கண்டுகொள்வதில்லை.

எழுத்தறிந்த முதியோர் உள்ள வீட்டில் வேறொரு சிக்கல் நேரும். 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா முதலிய ஒன்பதும் ணை, லை, ளை, னை என்னும் நான்குமாகப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் படித்த ஆச்சி துதிக்கை போன்ற கொம்புடன் எழுதும் ‘லை’யைப் பேரனின் பாடநூலில் காண இயலாது. இதனைத் தவறெனத் திருத்துவதைவிட, பழைய வடிவமென அறிமுகப்படுத்துவது இருவர்க்கும் மதிப்பளிக்கும்.

கேட்கும் வீடு

இனி வீட்டின் பங்கு எதுவென வரையறுக்கலாம். நன்னூலின் அரைக்கூறு நிகழ எடுத்துரைக்கும் ஒருவரும் கேட்கும் ஒருவரும் தேவை. கேட்பவர்க்கு எழுத்தறிவு கட்டாயமன்று. குழந்தை அன்றைய பாடத்தைச் சொல்ல, அல்லது படித்துக்காட்ட, ‘அப்புறம் என்ன ஆச்சு’ எனக் கேட்கும் ஒருவர் போதும். எழுத்தறியாத கேட்பவரால் எழுத்துப் பிழையைத் திருத்த இயலாது. ஆனால் பொருள் விளங்காத இடத்தை அவர் உடனே உணர்வார். பொருள் நோக்காது எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து அரிது.

தொழிலின் தன்மை இங்குக் கருதத்தக்கது. பீடி சுற்றுவோர்க்குக் கையும் கண்ணும் சுளகின்மேல்; காது ஓய்வாக உள்ளது. கியூபாவின் ஹவானா நகரில் சுருட்டுத் தொழிலாளர்க்குச் செய்தித்தாளும் கதையும் உரக்கப் படித்துக்காட்டும் வழக்கம் 1865இல் தொடங்கியது. தொழிலாளரே படிப்பவர்க்குக் கூலி கொடுத்தனர். தென்காசிப் பகுதியின் வீட்டுத்திண்ணையில் அவ்விடத்தை இரண்டாம் வகுப்புக் குழந்தை ஏற்கலாம். விசைத்தறியின் நிலை வேறு. தறி ஓடும் கூடத்தில் அருகிலிருப்பவர் பேச்சே கேட்பதரிது. தறிக்கூடத்தை ஒட்டி வாழும் குடும்பத்தில் கேட்பவர் தறி நின்ற பிறகே கிடைப்பார். அல்லது ஆச்சியோ தாத்தாவோ அண்டை வீட்டாரோ அப்பொறுப்பை ஏற்க வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஒரே மாலை நேரத்தைப் பள்ளி வரையறுப்பது இதனால் பொருந்தாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சுளகின் அருகே அமரும் குழந்தையின் கையில் இலையோ நூலோ வந்துசேர நெடுநேரமாகாது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி செய்தலைக் குழந்தைகளை ஈடுபடுத்தலாகாத தொழில்களுள் வைத்தது. குழந்தை படிப்பவராக அமர்கிறதா, உதவிக்கையாக அமர்கிறதா என்பதில் பள்ளியின் கண் இருந்தாக வேண்டும். கேட்கும் வீடு என்னும் கருத்து, உழைப்பில் குழந்தையைச் சேர்ப்பதற்குச் சாக்காகிவிடுமானால் அதனைக் கைவிடுவதே நேர்மை.

கேட்பு ஒருவழிப் பாதையன்று. சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என வழக்கிட்டதும், கோமதியம்மன் தவமிருந்ததும், இறைவன் பாதி சிவனும் பாதி திருமாலுமாய்த் தோன்றியதும் இவ்வூர்க் குழந்தைகளில் பலர் வீட்டில் கேட்டறிந்த கதை. ஆடி மாதத்தில் அதனை வகுப்பில் குழந்தையின் வாய்மொழியாகவே சொல்லச்செய்து, சொன்னபடியே கரும்பலகையில் எழுதலாம். ‘ரெண்டு பாம்பும் சண்ட போட்டுச்சு’ என்னும் தொடருக்குக் கீழே ‘இரண்டு பாம்புகளும் சண்டையிட்டன’ என்று எழுதி இரண்டையும் படிக்கவைக்கலாம். அன்று மாலை குழந்தை வீட்டில் படித்துக்காட்டுவது ஆச்சி சொன்ன அதே கதையாக இருக்கும். புதிய தொடர் எங்கே வருகிறது என்பதை ஆச்சியே கேட்டுச் சொல்லிவிடுவார்.