ஏலம் எடுத்தவர் பணம் அனுப்பவில்லையா?

பழைய நாணயம், தபால்தலை, பித்தளைப் பாத்திரம், கிராமபோன் இசைத்தட்டு, இப்போது அச்சில் இல்லாத புத்தகம் என்று வீட்டிலிருந்தே ஏலம் போட்டு விற்கிறவர்கள் பலர். ஈபே நிறுவனத்தின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. இன்று இந்த ஏலங்கள் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் நடக்கின்றன. தளம் என்றால் நடுவில் நின்று கேட்க ஒருவர் இருப்பார். குழுவில் அட்மின்தான் எல்லாம். யாரையும் பணம் கட்ட வைக்கும் அதிகாரம் அவருக்கும் கிடையாது. போட்டி போட்டு விலையை ஏற்றிவிட்டு, ஏலம் முடிந்ததும் போனை எடுக்காத ஆட்களிடம் மாட்டிக்கொண்டு தவிப்பது வீட்டிலிருந்து விற்கிறவர்கள்தான். இந்தத் தொல்லையின் பெரும்பகுதியை ஏலம் தொடங்கும் முன்பே தடுத்துவிட முடியும். அதனால்தான் கீழே உள்ள குறிப்புகளில் பல, ஏலத்துக்கு முன் செய்ய வேண்டியவை.

1. விதிகளை முதலில் எழுதிப் போடுங்கள். ஆரம்ப விலை, ஒவ்வொரு தடவையும் குறைந்தது எவ்வளவு ஏற்றிக் கேட்க வேண்டும், முடிகிற நாள், நேரம், தபால் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளுக்குள் வர வேண்டும் எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசியில் இந்த வரியைக் கட்டாயம் சேருங்கள்: “ஏலம் முடிந்த 3 நாளுக்குள் பணம் வராவிட்டால் பொருளை வேறொருவருக்கு விற்கும் உரிமை எனக்கு உண்டு.” இது வெறும் மிரட்டல் வரி இல்லை. 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, இப்படி முன்கூட்டியே சொல்லி வைத்த விற்பனையாளருக்குத் தெளிவான பாதுகாப்பு தருகிறது. வாங்கியவர் தவறினால் பொருளை மறுபடி விற்கலாம். முதல் ஒப்பந்தம் ரத்தாகிவிடும். குறைந்த விலைக்குப் போனால் அந்த நஷ்டத்தை அவரிடம் கேட்கும் உரிமையும் போகாது. அந்த வரி இல்லாவிட்டால், மறுபடி விற்கப் போவதை அவருக்கு அறிவித்து, நியாயமான அவகாசம் தந்த பிறகுதான் விற்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் நஷ்டத்தைக் கேட்க முடியாது. அதைவிட, கூடுதல் விலைக்குப் போயிருந்தால் அந்த லாபமும் முதலில் எடுத்தவருக்கே சேரும். விதியில் ஒரு வரி எழுதாததற்கு இது பெரிய விலை.

2. ஏலம் முடிந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊர் ஏலத்தில் “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று சொன்னால்தானே முடிந்ததாக அர்த்தம்? சட்டமும் அதையே சொல்கிறது. சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவிக்கும் வரை, கேட்டவர் தன் விலையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் நேரம் முடிந்த கையோடு, “7ஆம் பொருள், ரூ.850, ஏலம் முடிந்தது” என்று எடுத்தவரின் பெயரைக் குறிப்பிட்டுக் குழுவிலேயே போட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ‘டெலிட் ஃபார் எவரிஒன்’ வசதி இருக்கும் காலத்தில், கேட்டவர் தான் கேட்டதையே அழித்துவிட முடியும்.

3. விலை உயர்ந்த பொருளுக்கு டெபாசிட் வாங்குங்கள். இதைக் கேட்கத் தயங்குகிறவர்கள் அதிகம். தயங்கத் தேவையே இல்லை. வங்கிகள் கடனுக்காகப் பிடித்த சொத்தை ஏலம் விடும்போது முன்வைப்புத் தொகை கட்டியவரைத்தான் கேட்கவே விடுகின்றன. எடுத்தவர் அன்றோ அடுத்த வேலைநாளிலோ 25 சதவிகிதம் கட்டி, விற்பனை உறுதியான 15 நாளுக்குள் மீதியையும் கட்ட வேண்டும். தவறினால் கட்டியது போய்விடும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ஒரு வழக்கில், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்த விதி சரி என்றே தீர்ப்பளித்தது. அந்த விதி வங்கி ஏலங்களுக்கானது. வீட்டு ஏலத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் முறை நல்ல முறை. ரூ.2,000க்கு மேல் போகக்கூடிய பொருள் என்றால் கேட்க விரும்புகிறவர்களிடம் ரூ.200 முன்பணம் வாங்குங்கள். கிடைக்காதவர்களுக்கு அன்று இரவே திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதில் ஒரு நாள் தாமதித்தாலும் அடுத்த ஏலத்துக்கு யாரும் முன்பணம் தர மாட்டார்கள்.

4. படம் தெளிவாக இருக்கட்டும். பணம் கட்டாமல் நழுவுகிற எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. எடுத்த பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கீறலைக் கண்டு மனம் மாறியவர்களும் உண்டு. நாணயம் என்றால் இரண்டு பக்கமும், எடையும் விட்டமும். தபால்தலை என்றால் பின்பக்கமும். பாத்திரம் என்றால் நசுங்கிய இடத்தைத் தனியாக ஒரு படம். குறையை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பின்னால் அதையே சாக்காகச் சொல்ல வழி இருக்காது.

5. யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். நேற்றுதான் குழுவில் சேர்ந்தவர், முகப்புப் படமோ பெயரோ இல்லாதவர், எடுத்த எடுப்பிலேயே விலையை இரட்டிப்பாக்குகிறவர் என்றால் தனியாக ஒரு செய்தி அனுப்பி விசாரியுங்கள். நாணய, தபால்தலைக் குழுக்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்கள். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டப்படி செல்லாது. பையனோ பெண்ணோ ஆசையில் கேட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பெற்றோரிடம் பேசி, அவர்கள் சம்மதித்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுங்கள். சேகரிக்கும் ஆர்வம் அந்த வயதில்தான் பிடிக்கும். அதை ஒரு கசப்பான பேச்சால் கெடுத்துவிடக் கூடாது.

6. மாதக் கடைசியில் ஏலத்தை முடிக்காதீர்கள். முதல் வாரம் நல்லது. நேரம் இரவு ஒன்பது மணிக்குள் இருக்கட்டும். நள்ளிரவுப் போட்டியில் கேட்ட விலைக்குக் காலையில் வருத்தம் வந்துவிடும்.

7. கணக்கை அன்றே அனுப்புங்கள். எடுத்த விலை, தபால் செலவு, மொத்தம், பணம் அனுப்ப வேண்டிய யு.பி.ஐ. முகவரி, கடைசி நாள் ஐந்தையும் ஒரே செய்தியில் அடக்குங்கள். “மொத்தம் எவ்வளவு?” “எந்த நம்பருக்கு?” என்று இரண்டு முறை கேட்க வைத்தால் மூன்றாவது நாள் அவர் மறந்தே போவார்.

8. முதல் நினைவூட்டலில் குற்றம் சாட்டாதீர்கள். இரண்டாம் நாள் இப்படி அனுப்பலாம்: “வணக்கம் சார், 7ஆம் பொருளை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். நாளை இரவு வரை நேரம் இருக்கிறது. ஏதாவது சிரமம் இருந்தால் சொல்லுங்கள்.” கடைசி வாக்கியம்தான் முக்கியம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், சம்பளம் தள்ளிப் போயிருக்கலாம். புதுப் போனில் யு.பி.ஐ. போட்டவருக்கு முதல் 24 மணி நேரம் ரூ.5,000க்கு மேல் அனுப்ப முடியாது. காரணம் சொல்லி அவகாசம் கேட்கிறவருக்கு ஒரு தடவை கொடுங்கள். அவகாசத்துக்கு ஒரு தேதி வேண்டும். கொஞ்சம் பணமும் முன்னதாக வர வேண்டும். பதிலே சொல்லாதவருக்கு மூன்றாம் நாள் மாலை கடைசிச் செய்தி: “இன்று இரவு 9 மணிக்குள் வராவிட்டால் விதிப்படி பொருளை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன்.” சொன்னபடி செய்யுங்கள். மூன்று முறை கெடு நீட்டுகிற விற்பனையாளரின் விதியை யாரும் மதிப்பதில்லை.

9. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். பணம் கட்டியதாகப் போலிப் படம் தயாரிப்பது மிகச் சுலபம். போலியாகக் குறுஞ்செய்தியும் அனுப்புவார்கள். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து, தொகை வந்திருப்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள். வரவில்லை என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேளுங்கள். அதை வைத்து வங்கி சரிபார்த்துச் சொல்லும். உண்மையாகவே கட்டியவர் எண்ணை உடனே கொடுப்பார். “அவசரம், இன்றே கூரியரில் போடுங்கள்” என்று விரட்டுகிறவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

10. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. “இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்று யார் சொன்னாலும் அது மோசடி. பின் நம்பர் பணம் அனுப்பத்தான் தேவை, பெற அல்ல. “தவறி ரூ.8,500 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என்பதும் அதே வகை. கணக்கில் அந்தத் தொகை உண்மையில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறியிருந்தாலும் நீங்களாக வேறு எண்ணுக்கு அனுப்பாமல் வங்கி மூலமாகவே தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

11. அடுத்தவரிடம் நியாயமான விலை கேளுங்கள். இதில்தான் பல நல்ல விற்பனையாளர்களும் தடுமாறுகிறார்கள். மூன்றாமவர் ரூ.500இல் நின்றுவிட்டார், பிறகு இரண்டு பேர் மட்டும் மோதி, ஒருவர் ரூ.830 கேட்க மற்றவர் ரூ.850க்கு எடுத்து, பணம் கட்டாமல் போய்விட்டார் என்று வையுங்கள். இரண்டாமவரிடம் ரூ.850 கேட்பது தவறு. அவர் அந்த விலையைக் கேட்கவே இல்லை. ரூ.830 கேட்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கட்டாமல் ஓடியவர் இல்லாதிருந்தால் இது ரூ.520க்கே அவருக்குக் கிடைத்திருக்கும். அவரை ஏற்றிவிட்டது பொய்ப் போட்டி. என்னைக் கேட்டால், நடந்ததை அவரிடம் அப்படியே சொல்லி, இரண்டுக்கும் நடுவில் ஒரு விலைக்குப் பேசி முடிப்பதே நேர்மை. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. மேல் விலை வந்த அந்த நிமிடமே அவர் கேட்டது காலாவதியாகிவிட்டது. யாருக்கும் வேண்டாம் என்றால் இரண்டு வாரம் பொறுத்து மறுபடி ஏலம் போடுங்கள். அடுத்த நாளே போட்டால் பொருளில்தான் ஏதோ குறை என்று பேச்சு வரும்.

12. உங்கள் பொருளுக்கு உங்கள் ஆளையே கேட்க விடாதீர்கள். தம்பியை விட்டு விலையை ஏற்றுவது சட்டப்படி மோசடியாகக் கருதப்படும். எடுத்தவர் அதையே காரணமாகக் காட்டி விலகிக்கொள்ளலாம். குறைந்தபட்ச விலை வேண்டுமென்றால் ஆரம்ப விலையிலேயே அதை வைத்துவிடுங்கள்.

13. முச்சந்தியில் நிறுத்தாதீர்கள். கட்டாமல் போனவரின் படத்தையும் போன் நம்பரையும் போட்டு “இவன் திருடன்” என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். மற்ற குழு அட்மின்களுக்குத் தனியாக, நடந்ததை மட்டும், ஆதாரத்தோடு சொல்லுங்கள்: “இந்தத் தேதியில் இந்தப் பொருளை எடுத்தார், மூன்று நினைவூட்டலுக்குப் பதில் இல்லை.” அது போதும். ஒரே ஆள் நான்கு குழுக்களில் இதையே செய்வது அப்படித்தான் தெரியவரும்.

14. எது போலீஸ் விஷயம், எது இல்லை? ஏலம் எடுத்துவிட்டுக் கட்டாதது மட்டும் குற்ற வழக்கு ஆகாது. அது ஒப்பந்த மீறல், சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. நுகர்வோர் நீதிமன்றமும் வாங்குகிறவர்களுக்கானது. விற்றவர் அங்கே போக முடியாது. ரூ.850க்கு வழக்குப் போட்டு அலைவது வீண். போலிப் படத்தைக் காட்டிப் பொருளை வாங்கிக்கொண்டு போனாலோ உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுத்தாலோ அது மோசடி. தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறிய சில மணி நேரத்துக்குள் சொன்னால் அதை வழியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.

15. ஈபேயில் வெளிநாட்டுக்கு விற்கிறவர்களுக்கு: எடுத்தவருக்குப் பணம் கட்ட 4 நாள் உண்டு. ஐந்தாம் நாளிலிருந்து “பணம் வரவில்லை” என்ற காரணத்தைக் குறித்து ரத்து செய்யுங்கள். வேறு காரணம் குறித்தால் அவர் பெயரில் பதிவு ஏறாது. விற்பனைக் கட்டணமும் இப்படி ரத்து செய்தால் உங்களுக்குத் திரும்ப வரவாகும். 2008 முதல் அங்கே விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர முடியாது. அதனால் இந்தப் பதிவு ஒன்றுதான் அடுத்த விற்பனையாளரைக் காப்பாற்றும். பணம் கட்டாமல் விட்ட பதிவு உள்ளவர்கள் உங்கள் ஏலத்தில் கேட்க முடியாதபடி தடுக்கும் வசதி கணக்கு அமைப்புகளில் இருக்கிறது. இன்னொன்று: 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயமும் சிற்பமும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது, எவ்வளவு பணம் வந்தாலும்.

16. பொருள் கைக்கு வந்த பிறகுதான் பணம் தருவேன் என்கிறவரிடம் போக வரத் தபால் செலவை மட்டும் முன்பே வாங்கிவிடுங்கள். வாசலில் மறுத்துவிட்டால் பார்சல் திரும்பி வரும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

17. பொருளை வேறொருவருக்குக் கொடுத்த பிறகு, பத்து நாள் கழித்து முதலில் எடுத்தவரிடமிருந்து பணம் வந்து நிற்கும். வைத்துக்கொள்ளாதீர்கள். வந்த கணக்குக்கே அன்றே திருப்பி அனுப்பி, அனுப்பிய ரசீதையும் மூன்றாம் நாள் செய்தியையும் சேர்த்து அவருக்கு அனுப்புங்கள். அடுத்த ஏலத்தில் அவர் கேட்க வந்தால் கேட்கட்டும், முன்பணத்தோடு.