பார்வையாளர் நேரமும் பாதுகாப்பு ஆணையும்

காயத்துடன் மருத்துவமனைக்கு வரும் பெண்களுள் சிலர், மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகவே முதலில் கூறுவர். வேறு சிலரோ, கைப்பையில் நீதிமன்ற ஆணையின் நகலை மடித்து வைத்திருப்பர். ஆனால் பார்வையாளர் நேரத்தில் கணவர் பழப்பையுடன் வாயிலில் வந்து நிற்கும்போது என்ன செய்வதென்று அறியாது திகைப்பர். துணைக்கு இருக்கும் தாயார் கேட்பார்: "காகிதந்தானே, இதற்குப் போய் போலீஸ் வருமா?"

வரும், வரவேண்டும் என்பதே சட்டம்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 18ஆம் பிரிவின்கீழ் நடுவர் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கிறார். அடித்தலை மட்டுமே அது தடுப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்பெண் பணிபுரியும் இடத்திற்குள் நுழைதல், தொலைபேசியிலோ கடிதத்திலோ வேறு வழியிலோ தொடர்பு கொள்ள முயலுதல், அவருக்கு உதவும் உறவினரைத் துன்புறுத்துதல், வன்முறைக்குப் பிறரைத் தூண்டுதல் ஆகியவற்றையும் நடுவர் தடை செய்யலாம். எனவே உங்கள் ஆணையில் எவையெவை எழுதப்பட்டுள்ளன என்பதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தொடர்பு கொள்ளக் கூடாது என்று அதில் இருப்பின், பழப்பையுடன் வருவதும் மீறலே. அன்பாகப் பேசினார் என்பதனால் அது மீறல் இல்லையென்று ஆகிவிடாது.

மீறினால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இடைக்கால ஆணைக்கும் இது பொருந்தும். பிடியாணையின்றிக் காவல்துறை கைது செய்யத்தக்க குற்றம் இது. ஜாமீனில் விட முடியாத குற்றமுமாகும். இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஜாமீன் அறவே கிடையாது என்பது இதன் பொருளன்று. காவல் நிலையத்தில் உரிமையாகக் கேட்டுப் பெற இயலாது, நீதிமன்றமே முடிவு செய்யும் என்பதுதான். அவ்வாறு விடும்போது, மனைவியை அச்சுறுத்தக் கூடாது, தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளை நீதிமன்றம் விதிக்கலாம்.

பலரையும் தயங்க வைப்பது சாட்சி பற்றிய கவலை. நான்கு சுவருக்குள் நடந்ததை யார் பார்த்தார்? பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றையே கொண்டு குற்றம் நிகழ்ந்ததென நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்று 32ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. ஆயினும் தேதி, நேரம், வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றைக் குறித்து வைப்பது நன்று. காயம் இருப்பின் மருத்துவ அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். குடும்ப நிகழ்வு அறிக்கை இல்லை என்பதற்காக எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்க இயலாது.

இனி, உறவினர் கேட்கத் தயங்கும் வினா ஒன்று உண்டு. "அவளே மனமிரங்கி, வரச் சொன்னால்?" ஆணை கட்டுப்படுத்துவது எதிர்மனுதாரரையே, அழைத்ததற்காக அப்பெண் 31ஆம் பிரிவின்கீழ்த் தண்டிக்கப்படமாட்டார். ஆனால் அவர் நீதிமன்றத்தில் மனுச்செய்து நீக்கம் பெறும்வரை ஆணை உயிருடன்தான் இருக்கும். பெரியவர்கள் கூடிப் பேசிச் சமாதானம் ஆயிற்று என்பதனால் அது தானே காலாவதி ஆவதில்லை. சமாதானம் உண்மையெனில் அதை நடுவரிடம் சொல்வதே இருவருக்கும் பாதுகாப்பு. வார்டில் படுத்திருப்பவரிடம், மருந்தின் மயக்கம் தெளியுமுன் கையெழுத்துக் கேட்கும் சமாதானத்தை நாம் நம்புவதற்கில்லை.

முறையிடுவதில் காலத்தாழ்வு கூடாது. தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியபடி, ஓராண்டுக் காலவரம்பு மீறல் நிகழ்ந்த பின்னரே தொடங்குகிறது. பழைய வன்முறைக்காக நிவாரணம் கோரும் முதல் மனுவுக்கு அவ்வரம்பு இல்லை.

அரியமங்கலத்தில் வசிப்போர் தம் பகுதிக் காவல் நிலையத்திலோ, மாவட்டச் சமூக நல அலுவலகம் வழியாகப் பாதுகாப்பு அலுவலரிடமோ, நேரே நடுவரிடமோ முறையிடலாம். பாதுகாப்பு அலுவலரிடம் அளிப்பது எழுத்து வடிவில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். உடனடி ஆபத்தெனில் 112. பெண்கள் உதவிக்கு 181. இலவசச் சட்ட உதவிக்கு 15100. வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்குச் சட்ட உதவி கட்டணமின்றி உண்டு. வார்டில் இருப்பவர் ஆணையின் நகலொன்றைப் பணியிலிருக்கும் செவிலியரிடம் கொடுத்து, யாரை உள்ளே விடக் கூடாதென்று சேர்க்கையின்போதே சொல்லி வைக்கலாம்.