எந்த ஊர் ஸ்பானியத்தில் சட்டை மாட்டுவது?

ஸ்பானியம் கற்பவர் உடைகளின் பெயர்களுக்கு வந்து சேரும்போது முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது நாட்டை. புத்தகம், செயலி எல்லாம் அதற்குப் பிறகுதான். எண்களும் கிழமைகளும் மாட்ரிட்டிலும் மெக்சிகோ நகரத்திலும் ஒன்றே. துணிக்கடைக்குள் நுழைந்தால் கதை வேறு. டி-ஷர்ட்டை ஸ்பெயினில் கமிசேத்தா என்பார்கள். மெக்சிகோவில் ப்ளயேரா, அர்ஜென்டினாவில் ரெமேரா, சிலியில் போலேரா. ஸ்வெட்டர் ஸ்பெயினில் ஹெர்செய், பெருவில் சோம்பா.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வது வீண்வேலை. ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பார்சிலோனாவில் மேற்படிப்பு என்றாலோ, திருப்பூரிலிருந்து ஸ்பானிய நிறுவனங்களுக்குப் பின்னலாடை அனுப்புகிறவர் என்றாலோ ஸ்பெயின் வழக்கு. டெக்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ வேலை என்றால் மெக்சிகோ வழக்கு. எதுவும் முடிவாகவில்லையா? அப்போதும் மெக்சிகோவையே சொல்வேன். ஸ்பானியம் பேசுவோர் மிக அதிகமாக இருப்பது அங்கேதான்.

மற்ற நாடுகளின் வழக்கில் ஆளைக் கவிழ்க்கும் சொற்களை மட்டும் தெரிந்துவைத்தால் போதும். ஸ்பெயினில் ஜாக்கெட்டுக்குச் சாதாரணமாகச் சொல்லும் சகேத்தா என்ற சொல்லுக்கு மெக்சிகோவில் கொச்சையான வேறு பொருள் உண்டு. அங்கே சமார்ரா என்பதே பாதுகாப்பு. ஸபதீயாஸ் என்று கேட்டால் ஸ்பெயினில் விளையாட்டுக் காலணி எடுத்துக் காட்டுவார்கள், மெக்சிகோவில் பெண்களின் குதிகால் உயர்ந்த செருப்பு வரும். சாக்கோ என்பது மெக்சிகோவில் கோட்டு, கொலம்பியாவில் ஸ்வெட்டர், ஸ்பெயினில் வெறும் சாக்கு!

கமீசா (சட்டை), பந்தலோன் (கால்சட்டை), வெஸ்தீதோ (கவுன்), ஸபாத்தோ (காலணி) போன்றவை எங்கும் செல்லும். ஸபாத்தோ நமக்கு அந்நியமும் அல்ல: யாழ்ப்பாணத்தார் சொல்லும் சப்பாத்து, அதன் போர்த்துக்கீசிய உடன்பிறப்பின் வழி வந்ததுதான்.

அடுத்து, பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா? பாடநூல்கள் படத்தோடு முப்பது பெயர்களை அடுக்கிவிடும். நான் வினையின் பக்கம். பெயர் மறந்தால் கடையில் விரலால் காட்டிவிடலாம். போட்டுப் பார்க்கலாமா, இறுக்கமாக இருக்கிறது என்பதையெல்லாம் விரலால் சொல்ல முடியாது. பொனேர்சே (போட்டுக்கொள்வது), கித்தார்சே (கழற்றுவது), ப்ரொபார்சே (போட்டுப் பார்ப்பது), கெதார் (அளவு பொருந்துவது) என்ற நான்கும் முதலில் கைக்கு வரட்டும். 'மே பொங்கோ லா கமீசா' என்றால் சட்டை போட்டுக்கொள்கிறேன். இதில் 'என்' சட்டை என்று யாரும் சொல்வதில்லை, தமிழிலும்தான் சொல்வதில்லை. 'மே கேதா க்ராந்தே' என்பதும் 'எனக்குப் பெரிசா இருக்கு' என்பதும் ஒரே வார்ப்பு. ஆங்கில வாக்கியத்தை நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்காமல் நேராகத் தமிழிலிருந்து போனால் பாதி சிக்கல் குறையும்.

கருவிகளில், சொல் அட்டைகளும் ஆங்கி போன்ற செயலிகளும் மறக்காமல் காக்க உதவும். புதிதாகக் கற்க அவை போதாது. அட்டையில் எழுதும்போது எல், லா என்ற பால் காட்டும் முன்சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள், பிறகு ஒட்டவைப்பது பெரும்பாடு. கடைகளின் இணையதளங்களோ காசில்லாப் பாடநூல். ஸ்பெயினுக்கு ஸாரா, மெக்சிகோவுக்கு லிவர்பூல் என்ற பல்பொருள் அங்காடி, சிலிக்கு ஃபலபெயா. ஒவ்வொன்றும் அந்தந்த நாட்டுச் சொல்லிலேயே சரக்கைப் பிரித்து வைத்திருக்கும். துணி வகை, நிறம், தையா (அளவு) எல்லாம் படத்தோடு கிடைக்கும். அல்கொதோன் என்றால் பருத்தி, லீனோ என்றால் லினன் என்பது தானாகவே படிந்துவிடும். ஆனால் தளத்தில் யாரும் உடுத்துவதில்லை, விற்கிறார்கள். வினைச்சொற்கள் அங்கே அரிது.

அந்தக் குறைக்கு, காலையில் உடுத்தும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதுதான் வழி. வீட்டிலுள்ளவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. மாலையில் கழற்றும்போது கித்தார்சே. தினமும் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அட்டைகளை விட்டுவிட்டு இதையும் கடைத் தளத்தையும் வைத்துக்கொள்ளலாம். புடவைக்குச் சொல் தேட வேண்டாம். சாரி என்ற சொல் ஸ்பானிய அகராதியிலேயே இருக்கிறது.